சைக்கிளில் நெடுந்தூரம்: கம்ப்யூட்டரில் வழி தயாரிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதனை மெயில் பார்க்கவும், படம் பார்க்கவும், ரயில் டிக்கெட் பதிவு செய்திடவும் பயன்படுத்துகின்றனர். மேப் புரோகிராம்களைத் திறந்தாலும், தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து, "இதோ நம் வீடு" என்று எல்லாருக்கும் காட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்த மேப்களைக் கொண்டு உருப்படியாகச் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உள்ளன. அவற்றில் ஒன்று, நெடுந்தூர சைக்கிள் பயணத்திற்கு வழி தயாரிப்பது.

நான் விழுப்புரத்தில் வசிப்பவன். விடுமுறை நாட்களில் சைக்கிளில் செல்வது என் பழக்கம். அண்மைக் காலமாக இளைஞர்கள் பலரும் கியர் சைக்கிள் வாங்கிக் கொண்டு 100, 150 கிலோமீட்டர் என்று கிளம்புகின்றனர். மோட்டார் பைக்கில் வழி தவறினால் 10 நிமிடம் வீணாகும். சைக்கிளில் வழி தவறினால் ஒரு மணி நேரமும், உடம்பில் உள்ள தெம்பும் சேர்ந்து போகும். எனவே புறப்படும் முன் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் அமர்வது நல்லது. இதற்குத் தேவையான புரோகிராம்கள் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் விதத்தை, எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகளையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கு பார்க்கலாம்.

மேப் கம்ப்யூட்டருக்கு வந்த கதை

இந்தியாவை அளந்த பெரிய வேலை நம் தமிழகத்தில்தான் தொடங்கியது. 1802ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் அடிக்கோட்டினைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. இன்று உங்கள் போனில் உள்ள ஜி.பி.எஸ். அதே போன்ற வேலையைச் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கொண்டு சில விநாடிகளில் செய்கிறது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதன் பின்னரே சாதாரணக் கருவிகளும் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டத் தொடங்கின.

அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. பல மேப் புரோகிராம்கள் காட்டும் மேடு பள்ளக் கணக்கிற்கு இந்த டேட்டாவே அடிப்படை. 2004ல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் லண்டனில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். 2005ல் கூகுள் மேப்ஸும், கூகுள் எர்த்தும் வந்தன. நம் இஸ்ரோ 2009ல் புவன் தளத்தை வெளியிட்டது.

எந்த வழியில் செல்லப் போகிறோம்?

எடுத்துக்காட்டாக ஒரு வட்டப் பயணத்தை எடுத்துக் கொள்வோம். விழுப்புரத்தில் தொடங்கி செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், புதுச்சேரி வழியாக மீண்டும் விழுப்புரம் வருவது. சுமாரான தூரம்: விழுப்புரம் - செஞ்சி 38 கி.மீ., செஞ்சி - திண்டிவனம் 28, திண்டிவனம் - மரக்காணம் 35, மரக்காணம் - புதுச்சேரி 35, புதுச்சேரி - விழுப்புரம் 40. மொத்தம் 176 கி.மீ. ஒரே நாளில் கோட்டை, புளியமரங்கள், உப்பளம், கடல் எனப் பலவற்றையும் பார்த்து விடலாம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இடம் பெற்றது. மரக்காணம் அருகே உள்ள கழுவெளி 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் ஆர்வம் உள்ளவர்கள் "பிரவே" என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது போட்டி அன்று. குறித்த நேரத்திற்குள் குறித்த தூரத்தை முடிக்க வேண்டும். 200 கி.மீ. தூரத்திற்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி நேரம் தரப்படும். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் இந்த நேரத்திற்குள் அடக்கம். இவற்றை எல்லாம் முடித்தவர்கள் 1891ல் தொடங்கிய பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் என்ற, இப்போது 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் 1,200 கி.மீ. பயணத்திற்குத் தகுதி பெறுவார்கள். நம் 176 கி.மீ. வட்டம், 200 கி.மீ. பிரவேக்கு நல்ல பயிற்சி.

முதல் படி: கூகுள் மேப்ஸ்

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்திடுங்கள். இடது பக்கம் உள்ள கட்டத்தில் "விழுப்புரம்" என்று தமிழிலேயே டைப் செய்திடலாம். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் சில கிராமங்கள் கிடைக்காமல் போகும். தமிழில் டைப் செய்தால் பல நேரங்களில் இந்தத் தொல்லை இல்லை. பின்னர் "டைரக்ஷன்ஸ்" பட்டனில் கிளிக் செய்து, "ஆட் டெஸ்டினேஷன்" மூலம் செஞ்சி, திண்டிவனம் என ஒவ்வோர் ஊராகச் சேர்த்திடுங்கள். மொத்தம் 10 இடங்கள் வரை தரலாம். நீலக் கோடாக வழி தோன்றும். கோட்டின் மீது மவுஸை வைத்து இழுத்தால் வழியை மாற்றலாம்.

இங்கு ஒரு விஷயத்தைக் கவனித்திடுங்கள். 2017 டிசம்பரில் கூகுள் இந்தியாவிற்கென "டூ வீலர்" வழியை அறிமுகம் செய்தது. இது மோட்டார் பைக்கிற்கானது. இதில் காட்டும் நேரத்தை சைக்கிளுக்கு எடுத்துக் கொள்ளக் கூடாது. தூரத்தை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். நேரத்தை நாமே கணக்கிடலாம். அதனைப் பின்னால் பார்ப்போம்.

சாலை எண்களிலும் குழப்பம் வரலாம். சென்னை - திருச்சி சாலையை நாம் இன்னும் என்.எச். 45 என்றுதான் சொல்கிறோம். 2010ல் எண்கள் மாற்றப்பட்டு, சென்னை - திண்டிவனம் பகுதி 32 ஆகவும், திண்டிவனம் - விழுப்புரம் பகுதி 132 ஆகவும், விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் பகுதி 38 ஆகவும் ஆகிவிட்டன. செஞ்சி - திண்டிவனம் சாலை 77ல் வருகிறது. மேப்பில் புதிய எண்களே இருக்கும். டீக்கடையில் வழி கேட்டால் பழைய எண்ணே கிடைக்கும். இரண்டையும் குறித்து வைத்திடுங்கள்.

இடத்தை எண்களால் குறித்தல்

மேப்பில் ஓர் இடத்தில் ரைட் கிளிக் செய்தால், மெனுவின் மேல் பகுதியில் இரண்டு எண்கள் கிடைக்கும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. விழுப்புரம் சுமார் 11.94, 79.49. திண்டிவனம் சுமார் 12.23, 79.65. ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. இரு ஊர்களுக்கும் வேறுபாடு 0.29 டிகிரி. எனவே திண்டிவனம் நமக்கு 32 கி.மீ. வடக்கே உள்ளது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 12 டிகிரி அட்சரேகைக் கோடு விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து செல்கிறது.

பெயர் இல்லாத கூட்டு ரோடு, ஏரிக்கரை போன்ற இடங்களை இந்த எண்களைக் கொண்டு நண்பருக்கு அனுப்பலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. விழுப்புரத்தின் எண்களை மாற்றிப் போட்டால், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் பகுதியில் உள்ள ஸ்வால்பார்ட் தீவின் பனியில் போய் நிற்பீர்கள்!

இரண்டாம் படி: சைக்கிளுக்கான வழி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது மக்களே சேர்ந்து வரையும் மேப். இதன் டேட்டாவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், சைக்கிளுக்கென்றே பல தளங்கள் இதன் மீது அமைக்கப்பட்டுள்ளன. அவற்றில் பி-ரவுட்டர் எளிதானது. பதிவு செய்திடத் தேவையில்லை. தளத்தைத் திறந்து, சைக்கிள் வகையைத் தேர்ந்தெடுத்து, மேப்பில் ஒவ்வோர் இடமாகக் கிளிக் செய்து கொண்டே சென்றால் வழி உருவாகிவிடும். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, ஊர்ச் சாலைகளை இது தேடித் தரும்.

ஆனால் அது தரும் வழியை அப்படியே ஏற்றுக் கொள்ளக் கூடாது. ஏரிக்கரை வண்டிப் பாதையையும் அது சில நேரங்களில் சாலையாகக் காட்டும். மெல்லிய டயர் உள்ள சைக்கிளில் அங்கு செல்ல முடியாது. எனவே அடுத்த படி முக்கியம்.

மூன்றாம் படி: மேலிருந்து பார்த்தல்

கூகுள் எர்த் ப்ரோ 2015 ஜனவரி முதல் இலவசம். அதற்கு முன் ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் இருந்தது. இதனை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பின் கண்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் "ஆட் பாத்" விண்டோ கிடைக்கும். அதனை மூடாமல், சாலையின் மீது கிளிக் செய்து கொண்டே சென்று, பெயர் கொடுத்து ஓகே தட்டுங்கள். இந்தக் கோடு வழியே மெதுவாக நகர்ந்து கீழ்க்காண்பவற்றைப் பார்த்திடுங்கள்:

1. சாலையின் ஓரத்தில் சைக்கிள் செல்ல இடம் உள்ளதா? திண்டிவனம் - விழுப்புரம் நான்கு வழிச் சாலையில் எங்கெல்லாம் சர்வீஸ் ரோடு உள்ளது? அது எங்கு முடிந்து நம்மை மீண்டும் லாரிகளுக்கு நடுவே விடுகிறது?

2. கூட்டேரிப்பட்டு போன்ற கூட்டு ரோடுகளில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? மேம்பாலத்தின் மேலா, கீழா?

3. நிழல் உள்ளதா? சாலையோர மரங்கள் படத்தில் பச்சை வரிசையாகத் தெரியும். மரக்காணம் பக்கம் உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரியும். அங்கு நிழலை எதிர்பார்க்க முடியாது.

டூல் பாரில் கடிகாரம் போன்ற ஓர் ஐகான் இருக்கும். அதில் கிளிக் செய்தால் அதே இடத்தின் பழைய படங்கள் கிடைக்கும். கழுவெளியைக் கோடை காலப் படத்திலும், மழைக்காலத்திற்குப் பின் எடுத்த படத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். காய்ந்த தரையாகத் தெரிந்தது, சில மாதங்களில் பெரும் நீர்ப் பரப்பாகத் தெரியும். குறுக்கு வழி தேடுபவர்கள் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மேடு எவ்வளவு? காற்று எங்கிருந்து?

கூகுள் எர்த் ப்ரோவில் நீங்கள் வரைந்த கோட்டின் மீது ரைட் கிளிக் செய்து "ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேடு பள்ளம் வரைபடமாகக் கிடைக்கும். விழுப்புரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில் உள்ளது. செஞ்சி சுமார் 90 மீட்டர். மரக்காணத்தில் கடல் மட்டத்திற்கு வந்து விடுவோம். அதாவது இந்த வட்டத்தில் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை.

ஆனால் சில தளங்கள், இதே வழிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற்றம் என்று காட்டிப் பயமுறுத்தும். காரணம் இதுதான். விண்கலம் அளந்த டேட்டாவில் மரத்தின் தலை, கட்டடக் கூரை ஆகியவையும் தரையோடு கலந்துள்ளன. சமதளத்தில் இந்தச் சிறு சிறு பிழைகளை எல்லாம் கூட்டினால் இல்லாத மலை ஒன்று உருவாகிவிடும். எனவே மொத்த ஏற்றத்தைப் பார்க்காமல், வரைபடத்தின் மொத்த வடிவத்தைப் பாருங்கள்.

நம் பகுதியில் மேட்டினை விடக் காற்றே பெரிய எதிரி. கடலோரத்தில் முற்பகலுக்கு மேல் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். ஆகவேதான் காலையில் செஞ்சி பக்கம் சென்று, மாலையில் புதுச்சேரியிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பும்படி வழி அமைத்தேன். கடைசி 40 கி.மீ. தூரத்தில், கால் சோர்ந்த நேரத்தில், கடல் காற்று முதுகில் தள்ளும். இதே வட்டத்தை எதிர்த் திசையில் சுற்றினால் வெயில் நேரத்தில் உப்பளங்களைக் கடந்து, அதன் பின் மேற்கே செஞ்சி வரை சென்று திரும்ப வேண்டும். விண்டி போன்ற தளங்களில் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் மேப்பிலேயே காணலாம். பயணத்திற்கு முந்தைய நாள் ஒரு முறை பார்த்திடுங்கள்.

ஓர் அம்மா கேட்ட கேள்விகள்

எங்கள் எதிர் வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 200 கி.மீ. பிரவேயில் கலந்து கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முன் எங்கள் குழுவோடு இந்த வட்டத்தில் வர விரும்பினாள். அவள் அம்மா சம்மதிக்கவில்லை. "அண்ணே, இவ சொன்னா கேக்க மாட்டேங்கறா. பைபாஸ்ல லாரி அப்படிப் பறக்குது. நீங்களாவது வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

நான் சரி, வேண்டாம் என இரண்டையும் சொல்லவில்லை. "ஒரு தடவை கம்ப்யூட்டர்ல முழு வழியையும் பாருங்கம்மா. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்று அழைத்தேன். இருவரும் வந்து அமர்ந்தனர். கோட்டின் வழியே மெதுவாக நகர்த்திக் காட்டினேன். அவர் கேட்ட கேள்விகள் எந்த மேப் புரோகிராமிலும் இல்லாதவை. "பொண்ணுங்க பாத்ரூம் போறதுக்கு எங்க நிப்பாங்க?" "மரக்காணம் தாண்டி உடம்புக்கு முடியலைன்னா எந்த பஸ் கெடைக்கும்?" "போன் எடுக்கலைன்னா யாரைக் கேக்கறது?"

"மாமா, இதெல்லாம் நான் யோசிக்கவே இல்ல" என்றாள் அந்தப் பெண். நெடுந்தூரம் சென்றவர்கள் பலரும் யோசிக்காத கேள்விகள்தான் அவை. அன்று மாலை மூவரும் சேர்ந்து கூகுள் மை மேப்ஸில் புதிய மேப் ஒன்றை உருவாக்கினோம். நீங்களும் இதனைச் செய்திட வேண்டும் என்பதால் அதன் வழியை இங்கு தருகிறேன்.

கூகுள் அக்கவுண்ட் மூலம் மை மேப்ஸ் தளத்தில் நுழைந்து "கிரியேட் எ நியூ மேப்" என்பதில் கிளிக் செய்திடுங்கள். "ஆட் டைரக்ஷன்ஸ்" மூலம் வழியைச் சேர்த்திடுங்கள். பின் "ஆட் மார்க்கர்" மூலம் கீழ்க்காண்பவற்றைத் தனித்தனி நிறத்தில் குறித்திடுங்கள்:

கழிவறை: பெட்ரோல் பங்க், டோல் கேட், பெரிய உணவகம், பேருந்து நிலையம். பங்க் ஒன்றின் போட்டோக்களையும், மக்கள் எழுதிய கருத்துகளையும் படித்தால் கழிவறை எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். சந்தேகம் இருந்தால் அங்கு தரப்பட்டுள்ள எண்ணிற்குப் போன் செய்து கேட்டிடுங்கள்.

மருத்துவமனை: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், திண்டிவனம் அரசு மருத்துவமனை.

ரயில் நிலையம்: திண்டிவனத்திலிருந்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வரை ரயில் பாதை நெடுஞ்சாலையை ஒட்டியே வருகிறது. புதுச்சேரியிலிருந்தும் பாதை உண்டு. செஞ்சியிலும் மரக்காணத்திலும் ரயில் நிலையம் இல்லை. அங்கு சைக்கிள் பழுதானால் பேருந்து அல்லது சரக்கு வண்டிதான். எல்லா ரயிலிலும் சைக்கிளை ஏற்ற முடியாது என்பதால் லக்கேஜ் விவரத்தை முன்பே நிலையத்தில் கேட்டு வைத்திடுங்கள்.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033. இவற்றை மேப்பின் விளக்கக் கட்டத்திலேயே எழுதி வைத்திடலாம்.

மேப் முடிந்தவுடன் "ஷேர்" பட்டன் மூலம் அந்த அம்மாவின் போனுக்கு அனுப்பினோம். பயணத்தின் போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்புவதாகவும் ஏற்பாடு. இது அதிகபட்சம் 8 மணி நேரம்தான் இயங்கும். நம் பயணம் 13 மணி நேரம் என்பதால், திண்டிவனத்தில் காலை உணவு முடித்தவுடன் அதனை நிறுத்தி மீண்டும் அனுப்ப வேண்டும் என்று அட்டவணையில் எழுதிக் கொண்டோம். எல்லாவற்றையும் பார்த்த அவர், "திண்டிவனம் - விழுப்புரம் பைபாஸ்ல வராம இருந்தா சரி. இருட்டறதுக்குள்ள வந்துடணும்" என இரண்டு நிபந்தனைகளுடன் சம்மதித்தார். நம் வட்டத்தில் அந்த நான்கு வழிச் சாலைப் பகுதி வராது. எனவே முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதற்கு எக்ஸெல் தேவைப்பட்டது.

எக்ஸெல்லில் நேர அட்டவணை

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் நெட்டு வரிசையில் ஊர்ப் பெயர், இரண்டாவதில் தொடக்கத்திலிருந்து தூரம், மூன்றாவதில் நேரம். புறப்படும் நேரத்தை முதல் செல்லில் 5:00 என அமைத்திடுங்கள். அடுத்த செல்களில் ஃபார்முலா: தூரத்தை வேகத்தால் வகுத்து, விடையை மீண்டும் 24ஆல் வகுத்து, புறப்படும் நேரத்துடன் கூட்ட வேண்டும். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாகக் கணக்கிடுகிறது. அதனால்தான் 24ஆல் வகுக்கிறோம். செல்லின் ஃபார்மட்டை "டைம்" என மாற்றிவிடுங்கள்.

மணிக்கு 16 கி.மீ. வேகம் என்றால், நிற்காமல் சென்றால் வரும் நேரம் இது: செஞ்சி 38 கி.மீ. - காலை 7:22. திண்டிவனம் 66 கி.மீ. - 9:07, மரக்காணம் 101 கி.மீ. - 11:19, புதுச்சேரி 136 கி.மீ. - பிற்பகல் 1:30. விழுப்புரம் 176 கி.மீ. - மாலை 4:00. இதனுடன் உணவு, ஓய்வு, பஞ்சர் என 2 மணி நேரம் சேர்த்தால் மாலை 6:00. வேகத்தைத் தனி செல்லில் வைத்தால், 16க்குப் பதில் 15 என மாற்றியவுடன் எல்லா நேரமும் மாறும். 15 என்றால் மாலை 6:44 ஆகிவிடும். அதாவது இருட்டிவிடும். இதனைப் பார்த்துத்தான் எங்கள் புறப்படும் நேரத்தை 4:30க்கு மாற்றினோம். முன் விளக்கு, பின் விளக்கு, ஒளியைப் பிரதிபலிக்கும் ஜாக்கெட் ஆகியவற்றையும் கட்டாயமாக்கினோம்.

இந்த அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். போன் அணைந்து போனாலும் காகிதம் அணையாது.

போனுக்கு மாற்றுதல்

பி-ரவுட்டரில் வழியை முடித்தவுடன் "எக்ஸ்போர்ட்" என்பதில் கிளிக் செய்து ஜி.பி.எக்ஸ். பைலாக சேவ் செய்திடுங்கள். இது ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்து பாருங்கள். நாம் மேலே பார்த்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், உயரம் ஆகியவை வரிசையாக இருக்கும். ஏறத்தாழ எல்லா மேப் புரோகிராம்களும், சைக்கிள் கம்ப்யூட்டர்களும் இதனைப் புரிந்து கொள்ளும். மை மேப்ஸில் உருவாக்கியதை கே.எம்.எல். பைலாக எடுக்கலாம்.

போனில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்அண்ட் அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, தமிழ்நாடு மேப்பை வீட்டிலிருந்தே டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். பின் இந்த பைலை உங்களுக்கே மெயில் செய்து, போனில் திறந்தால் மேப்பின் மீது கோடாகத் தோன்றும். இவை சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும். ஜி.பி.எஸ். இயங்க இன்டர்நெட் தேவையில்லை. கூகுள் மேப்ஸிலும் ஆப்லைன் மேப் எடுக்கலாம். ஆனால் ஆப்லைனில் அது காருக்கான வழியை மட்டுமே சொல்லும். திரை எப்போதும் எரிந்து கொண்டிருந்தால் பாட்டரி பாதி நாளில் தீர்ந்து போகும். திருப்பங்களில் மட்டும் பார்த்துவிட்டு அணைத்திடுங்கள். பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

மேப்பிற்குத் தெரியாதவை

எவ்வளவு தயாரித்தாலும், மேப் என்பது யாரோ ஒருநாள் பார்த்து எழுதியது. இன்று காலை என்ன நடந்தது என்று அதற்கு முழுமையாகத் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த போது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் நெடுஞ்சாலையின் மீதே தண்ணீர் ஓடியது. அந்த நாட்களிலும் செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சாலைகள் வெயிலில் காய்ந்து கொண்டுதான் இருந்தன! அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் செல்வதாக இருந்தால், வானிலை மையத்தின் அறிவிப்பையும், வழியில் உள்ள நண்பரின் போன் எண்ணையும் மேப்பிற்கு மேலாக நம்புங்கள்.

நீங்களும் மேப்பில் எழுதலாம்

எங்கள் பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நால்வர் சென்றோம். மரக்காணம் தாண்டி எதிர்காற்றில் அரை மணி நேரம் தாமதமானது. இருந்தும் மாலை 6 மணிக்குச் சற்று முன்பே விழுப்புரம் வந்து சேர்ந்தோம். அந்த அம்மா நாள் முழுதும் போனில் புள்ளி நகர்வதைப் பார்த்துக் கொண்டிருந்தாராம்.

மறுநாள் அந்தப் பெண் ஒரு நல்ல காரியம் செய்தாள். வழியில் பார்த்த குடிநீர்க் குழாய், பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிவறை, சைக்கிள் கடை ஆகியவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தாள். இதற்கு அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கி, "எடிட்" பட்டனில் கிளிக் செய்து, இடத்தில் புள்ளி வைத்து, அது என்ன என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் போதும். ஊரின் பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம். ஒரே விதி: நீங்கள் நேரில் பார்த்ததை எழுத வேண்டும், கூகுள் மேப்ஸ் போன்றவற்றைப் பார்த்துக் காப்பி எடுத்து எழுதக் கூடாது. அடுத்து அந்தச் சாலையில் வரும் இன்னொரு பெண்ணின் அம்மா கேட்கப் போகும் கேள்விக்கு, இப்போது மேப்பில் பதில் இருக்கிறது.

முதல் முறையே 176 கி.மீ. செல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலிருந்து 30 கி.மீ. தூரத்தில் உள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன படிகளை வரிசையாக முயன்று பாருங்கள். ஒரு முறை செய்து பழகிவிட்டால், அடுத்த முறை அரை மணி நேரத்தில் முடித்திடலாம். பின்னர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டயரில் காற்று சரியாக உள்ளதா என்று பார்த்துக் கிளம்புங்கள்.